அஷ்டமியில் எடுத்த தண்ணீர்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டவை வாய் பிளந்து கிடந்த மட்டிகள். உயிருள்ள மட்டி தொட்டவுடன் ஓட்டை இறுக்கிக்கொள்ளும். இவை தொட்டும் மூடவில்லை. ஆற்றங்கரைச் சேற்றில் கை வைத்த இடமெல்லாம் அப்படித்தான் இருந்தன. ஓரத்தில் தேங்கியிருந்த தண்ணீர் பச்சையாக, கஞ்சி போலக் கெட்டியாக இருந்தது.

எண்பதுகளின் பிற்பாதி. புதுச்சேரியில் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். முதலியார்பேட்டையில் மாடி அறை. வேலை பிற்பகலில்தான் தொடங்கும். அதுவரை என்னோடு பேச ஆள் கிடையாது. மெஸ்ஸில் பரிமாறுகிறவர்கூட இன்னொரு கரண்டி வேண்டுமா என்பதைக் கையால்தான் கேட்பார். அதனால் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே ஆறு கடலில் சேரும் இடம் வரை போய்விடுவேன்.

அங்கே மட்டி எடுக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவருக்கு மில் வேலை போய்விட்டது. குடும்பம் இவர் கையில். இடுப்பளவு தண்ணீரில் குந்தி அடிச்சேற்றைத் துழாவியபடியே என்னிடம் ஏதாவது கேட்பார். பெரும்பாலான நாட்களில் நான் பேசிய முதல் வார்த்தை அவருக்குச் சொன்ன பதிலாக இருக்கும். எடுத்த மட்டியின் ஓட்டை உடைத்து, சதையைக் கரையில் புதிதாக வந்திருந்த இறால் பண்ணைக்குக் கொடுத்துவந்தார். இறாலுக்கு அது தீனி.

"பாத்தியா சார், எல்லாம் வாயப் பொளந்துகினு கெடக்குது" என்றார் அன்று. "பண்ணத் தண்ணிதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் குடுத்த சதைதான? இறாலு தின்னது போவ மீதி அடில கெடந்து அழுவுது. அத்தத் தொறந்து வுட்டா என் மட்டி மேலயே வந்து வுழுது. எனக்கே திருப்பி ஊட்டுறானுங்க."

தெரிந்த கல்லூரி விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வேதியியல் துறை. மிஞ்சிய தீனியும் இறாலின் கழிவும் அழுகினால் தண்ணீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் ஏறும், வயலுக்கு உரம் போட்டதுபோல் பாசி பெருகும், அந்தப் பாசி இரவெல்லாம் பிராணவாயுவை இழுத்துவிட்டால் விடிவதற்குள் அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும் என்று விளக்கினார். பரிசோதித்துப் பார்க்கவும் சம்மதித்தார். மாதம் ஒருமுறை, நான்கு மாதம், பண்ணை மடையிலிருந்து முகத்துவாரம் வரை ஐந்து இடங்களில் தண்ணீர் எடுப்பதாக ஏற்பாடு. ஒரு மீனவரின் படகை அமர்த்தினோம். எந்த நாள் வரலாம் என்பதை அவர்தான் சொல்லி அனுப்புவார். நான்கு முறையும் கூடப் போனேன். புட்டிகளில் எண் எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்குவது என் பங்கு.

முடிவில் ஒன்றுமில்லை. ஐந்து இடத்திலும் அளவுகள் குறைவாக, ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. "ஆற்று நீரில் மாசு இல்லை" என்று தலைப்பிட்டு மூன்றாம் பக்கத்தில் செய்தி எழுதினேன். பண்ணை மேலாளர் அதை வெட்டி வாசல் கேட்டில் ஒட்டினார். தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடச் சொல்லிக் கேட்கப் போன பெண்மணிக்கு அதைத்தான் காட்டியிருக்கிறார்.

"வா சார், பேப்பரு" என்றார் அவர் மறுநாள். "ஒண்ணும் இல்லைன்னு போட்டுட்டியாமே. அப்ப என் மட்டியெல்லாம் தூக்கு மாட்டிகிச்சா?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் முதுகைத் திருப்பிக்கொண்டார். ஆற்றில் இருந்த ஒரு மணல்திட்டின் கிழக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் மட்டி மிஞ்சியிருந்தது. அங்கே நகர்ந்துபோய் எடுக்க ஆரம்பித்தார். அடுத்த மூன்று வாரமும் ஆற்றுக்குப் போனேன். அந்த மூன்று வாரத்தில் பிற்பகலுக்கு முன் யாரிடமும் பேசியதாக நினைவில்லை.

மறுநாள் இதழுக்கான பஞ்சாங்கக் கட்டத்தை எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. திதி, நட்சத்திரம், ராகுகாலம். ஒரு மாலை அஷ்டமி என்று எழுதியபோது கை நின்றது. நாங்கள் கடைசியாகத் தண்ணீர் எடுத்ததும் ஓர் அஷ்டமியில்தான். பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். நான்கு முறையும் அஷ்டமி அல்லது நவமி. நான்கையும் நானே எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தேன்.

காலையில் படகுக்காரரைத் தேடிப் போனேன். வலையைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டமி நவமில தண்ணி மந்தம் சார். வலைல ஒண்ணும் வுழாது, படகு சும்மா கெடக்கும். அதான் உங்கள இட்டுனு போனேன். அமாவாசை பௌர்ணமில கூப்புட்டா நான் இன்னாத்துக்கு வரேன்? அப்பதான மீனு."

"பண்ணையில எப்ப தண்ணி திறப்பாங்க?"

"அமாவாசை பௌர்ணமிலதான். அன்னிக்குத்தான் ஆறு நல்லா வத்தும், கொளமும் வடியும். இது தெரியாமயா பேப்பர்ல எழுதுற?"

அடுத்த அமாவாசையன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, புட்டிகளோடு மதியம் இரண்டரை மணிக்கு மடைக்கு நடந்தே போனேன். ஆறு வற்றிக் கிடந்தது. மடைப் பலகையைத் தூக்கியிருந்தார்கள். பழுப்புத் தண்ணீர் நுரையோடு இறங்கிக்கொண்டிருந்தது. முட்டளவு இறங்கியதும் கால் புதைந்தது.

"அங்க நிக்காத, உள்ள இழுக்கும்" என்று குரல் வந்தது. பெண்மணி திட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வந்து, என் கையிலிருந்த புட்டிகளை வாங்கி, சொன்ன இடங்களில் அவரே முக்கி எடுத்துக் கொடுத்தார். பிறகு திட்டுக்கே திரும்பிப் போனார்.

விரிவுரையாளரின் பரிசோதனையில், மடை வாயில் அமோனியாவும் பாஸ்பேட்டும் முன்பு பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தன. திட்டின் கிழக்குப் பக்கத்திலும் ஏறியிருந்தன. முதலில் எழுதியது தவறு என்பதையும் சேர்த்தே செய்தி எழுதினேன். ஆசிரியர் அந்த வரியை எடுத்துவிட்டு மீதியைப் போட்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பண்ணையில் கழிவுத் தண்ணீரைத் தேக்கித் தெளியவைத்து விடுவதற்குத் தனிக் குளம் வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

முடிந்த மறுநாள் பெண்மணியிடம் சொல்லலாம் என்று ஆற்றுக்குப் போனேன். கிழக்குப் பக்கத்தில் வெறும் ஓடுகள். கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன். பெண்மணி போன மாதமே புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தார்.