விடியுமுன் மத்தியானச் சோறு

இன்றைக்கும் விடியுமுன்பே எனக்கு மத்தியானப் பசி எடுத்துவிடுகிறது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் வயதானவனின் வயிற்றுக் கோளாறு என்று நினைக்கலாம். கோளாறு இல்லை, பழக்கம். மலாயாவில் அவசரகாலம் வந்தபின் இந்தக் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்து அரசாங்கத்தோடு சண்டை போடுகிறவர்களுக்கு யாரும் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடப் போகக் கூடாது என்றார்கள். அதுவரை கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியில் சோறும் கருவாடும் எடுத்துப் போவார்கள். விதி வந்தபின் கூடையும் தலைத்துணியும் மட்டும்தான். மத்தியானம் வரப்போகிற பசிக்கு இருட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மணி அடித்ததும் பெரட்டுக்கு ஓடுவார்கள். பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அந்தப் பெயர்களைக் கூப்பிட்டுக் கணக்கு எழுதிய கிராணி நான்தான். வேலை போன பிறகு வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்கிறவன் ஆனேன். சோற்று விதியை இப்போது எடுத்துவிட்டார்கள், அதனால்தான் எழுதத் துணிகிறேன். வேலியை எடுக்கவில்லை.

வேலை போனதற்கு நான் எந்தத் தவறும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்கள் டிவிஷன் காட்டை ஒட்டி இருந்தது. அதை மூடி, ஆட்களையெல்லாம் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தார்கள். எட்டு லயங்கள், இரண்டு தண்ணீர்க் குழாய், ஒரு வாசல். இரண்டு டிவிஷன் ஒன்றானால் கிராணியும் ஒருவர்தானே வேண்டும்? இன்னொரு டிவிஷனின் கிராணி ஜோசப், முப்பது வயதுக்காரர், டைப் அடிப்பார். நான் ஐம்பத்தேழு, பேனாவில் எழுதுவேன். வெள்ளைக்காரத் துரை கணக்குப் போட அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

துரை தோட்டத்தில் தமிழ் கற்றவர். யாரையும் நீ என்றுதான் சொல்லுவார். "கிராணி, உனக்கு வயசாச்சு. வீடு, வேலை செய்ற ஆளுக்கு. உன் வீட்டுல யாரும் வேலை இல்லை. ஊருக்குப் போ. கப்பல் டிக்கெட் ரெண்டு நான் தர்றேன்" என்றார். அன்போடுதான் சொன்னார். மழைக்காலம் முடியும்வரை வீட்டில் இருக்கலாம், அதற்குள் வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் கப்பல். வேலிக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கலாம் என்றால் அதற்கும் அனுமதி கிடையாது. இந்த மலையில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறையும் ஒரு அடுப்படியும். அதுவும் பெரட்டில் யாராவது ஒருவர் பெயர் கூப்பிடப்படும் வரைக்கும்தான்.

வீட்டுக்கு வந்து என் மனைவி மரகதத்திடம் சொன்னேன். அவள் இந்த நாட்டிலேயே, சுங்கையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

"ஊருக்குத் திரும்பிடலாமா?" என்று கேட்டேன்.

"நீங்க திரும்பலாம். நான் எப்படிங்க திரும்புறது? நான்தான் அங்கே போனதே இல்லையே" என்றாள்.

ஊர் என்று நான் சொன்னதை மட்டும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஊர் மன்னார்குடிப் பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிறகு அங்கே நான் பார்த்த வேலை, வேலைக்குக் காத்திருப்பது. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு புங்கமரம் உண்டு, அதனடியில் என்னைப் போல் எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்போம். உள்ளே இருந்து யாராவது வெளியே வந்தால் ஏழெட்டுத் தலையும் நிமிரும். அந்த மரத்தடியில் நின்று அலுத்துத்தான் கப்பல் ஏறினேன். ஊரைப் பற்றி இங்கே பலர் கண்ணீர் விட்டுப் பேசுகிறார்கள், எனக்கு அது வாய்க்கவில்லை. இரண்டு நாட்டிலும் வேலையில்லாமல் இருந்து பார்த்தவன் நான். வித்தியாசம் கேட்டால் சொல்லுவேன். அங்கே வேலையில்லாதவனைப் பார்த்து எல்லோரும் பேசினார்கள். இங்கே பார்த்தவுடன் பேச்சை நிறுத்தினார்கள். ஐம்பத்தேழு வயதில் அந்த மரத்தடிக்குப் போய் நின்றால், பக்கத்தில் நிற்பவர்கள் என் அண்ணன் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள்.

ஆகவே வேலை தேடிப் புறப்பட்டேன். கோட்டும் குடையும் எடுத்துக்கொண்டு, கொழுந்துக்காரப் பெண்கள் வெளியே போகும் நேரத்திலேயே நானும் போவேன். பகலில் லயத்தில் இருப்பவர்கள் நோயாளிகளும் கைக்குழந்தைகளும்தான், அவர்களோடு சேர்ந்து இருக்க என்னால் முடியவில்லை. வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் மலாய்க் காவலர் காசிம், என் கோட்டைப் பார்த்து ஏதோ தோட்டத்துக் காரியமாகப் போகும் அதிகாரி என்று நினைத்து சலாம் வைப்பார். நானும் திருப்பி வைப்பேன். காலையில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான், அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் எனக்கு வெகுநாள் பழக்கம். அவர் கடையில் ஒன்பது மேசை. கல்லாவில் உட்காரவோ, கணக்கு எழுதவோ ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"கிராணியய்யா, கல்லாவில் என் மச்சான் இருக்கான். மத்த வேலை மேசை துடைக்கிறதுதான்."

"துடைக்கிறேன்."

"நீங்க துடைப்பீங்க. எச்சில் தட்டை எடுங்கன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரணுமே! நீங்க உள்ளே வந்தாலே என் ஆளுங்க எழுந்து நிக்கிறானுங்க. கடை நடத்துறதா, பெரட்டு நடத்துறதா, சொல்லுங்க?" சிரித்துக்கொண்டே தேநீர் வைத்தார். இனிப்பு அதிகம் போட்டிருந்தார். இரக்கப்படும்போது இங்கே எல்லோரும் சர்க்கரையை அதிகமாகப் போட்டுவிடுகிறார்கள்.

கியா பார்ம் பக்கம் ஒரு சீனர் காய்கறித் தோட்டம் வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த மலாயில், வேலை வேண்டும் என்றும், கணக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன். எழுதுவதுபோல் உள்ளங்கையில் விரலால் காட்டினேன். அவர் என் நரைத்த தலையையும் நனைந்த கோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் இரண்டு பெரிய முட்டைக்கோசைக் கொண்டுவந்து என் கைகளில் வைத்தார். வேண்டாம், வேலைதான் வேண்டும் என்று தலையாட்டினேன். போதவில்லை போலும் என்று மூன்றாவதையும் எடுத்து மேலே வைத்து, முதுகில் தட்டி அனுப்பினார். குடையை விரிக்கவும் முடியாமல் மூன்று கோசோடு மழையில் நடந்து வந்தேன். மரகதம் வாரம் முழுவதும் கோசு சமைத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரட்டில் பெரிய சத்தம். வாசலில் பெண்களைச் சோதிப்பதும் ஆண் காவலர்கள்தான். முந்தின நாள் ஒருவன் ஒரு பெண்ணின் மடியில் கை வைத்துவிட்டான். பெண்கள் நாற்பத்தொரு பேரும் கூடையைக் களத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சலை என்கிற கொழுந்துக்காரிதான் முன்னால் நின்றாள். நான் பெயர் கூப்பிட்ட காலத்தில் 'இருக்கேன் சாமி' என்று ஊருக்கே கேட்கும்படி சொல்கிறவள் அவள்.

"எங்க மடியைப் பொம்பளை பாக்கட்டும். ஆம்பளை கை பட்டா கொழுந்து நீங்களே பறிச்சுக்குங்க துரை!"

அவர்களில் ஒருத்தியையே சோதிக்கப் போட்டால் சொந்தக்காரியை விட்டுவிடுவாள் என்று துரை யோசித்தார். யாரோடும் ஒட்டாத ஒரு பெண் வேண்டும். ஜோசப்தான் மரகதத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். கிராணி மனைவி என்று இத்தனை வருடமும் நான் அவளை லயத்துப் பெண்களோடு பழக விட்டதில்லை. அதுவே இப்போது ஒரு தகுதியாகிவிட்டது.

துரை எங்கள் வாசலுக்கே வந்தார். "கிராணி, உன் பெண்டாட்டிக்கு வேலை இருக்கு. உனக்கு இல்லை" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மரகதம், "நாளைக்கே வர்றேன் துரை" என்றாள்.

அவர் போனதும், "என்னைக் கேட்க வேண்டாமா?" என்றேன்.

"கேட்டா யோசிப்பீங்க. கப்பல் கிளம்பின பிறகும் நின்னு யோசிப்பீங்க."

"பிடிச்சுக் கொடுக்கிற வேலை மரகதம். ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் ஒருத்தி ஜெயிலுக்குப் போவா. நீ கொடுக்காம விட்டா நம்ம வீடு போகும்."

"தெரியும்" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மறுநாள் காலையில் ஜோசப் நாற்பத்தொரு பெயருக்குப் பிறகு ஒரு பெயர் கூப்பிட்டார். மரகதம். அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொல்லியிருப்பாள். எங்கள் வீடு தங்கியது அந்தப் பெயரால்தான். கிராணி வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்று முதல் மரகதம்மா வீடு என்றார்கள்.

வாசலில் முன்னும் பின்னும் இரண்டு தடுப்புக் கட்டைகள் உண்டு. உள்கட்டையைத் தாண்டியதும் ஆண்களை காசிம் சோதிப்பார். பெண்கள் ஓரத்தில் சாக்குப் படுதா கட்டிய மறைவுக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். அப்புறம் வெளிக்கட்டை தூக்கப்படும். முதல் நாள் படுதாவுக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "நல்லாத் தேடுங்க கிராணியம்மா! எம்புருசன் மாசக் கணக்கா வீட்டுப் பக்கம் வரல, இடுப்புல எங்கேயாவது ஒளிஞ்சிருப்பான்!" வரிசை முழுதும் சிரித்தது. இன்னொருத்தி, "கிராணியய்யாவைத் தேடினா கிடைப்பாரு, கோட்டுக்குள்ளே!" என்றாள். நான் குடையைப் பார்த்தபடி நின்றேன். என்னைப் பற்றி காசிமுக்கு யாரோ அன்றே சொல்லியிருக்க வேண்டும். சலாம் வைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு சிகரெட்டை நீட்டினார். சலாம் இருந்தவரை நான் அவருக்கு யாரோ.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் பொன்னம்மா என்கிற பெண் உள்ளே போனாள். பால் குடிக்கிற குழந்தை உள்ளவள். போனவள் வெளியே வரவில்லை. வரிசை நின்றது. எனக்கு முன்னால் பதினாறு பேர். உள்ளே பேச்சும் இல்லை. மரகதத்தின் கையில் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவள் கூப்பிட்டால் பொன்னம்மா லாரியில் ஏறுவாள், குழந்தை லயத்தில் கிடக்கும். கூப்பிடாமல் விட்டு வெளியே அகப்பட்டால் நாங்கள் கப்பலில் ஏறுவோம். என் கை குடைக்கம்பிகளை எண்ணத் தொடங்கியது. எட்டு. மறுபடியும் எட்டு.

"செப்பாட் லா!" என்று காசிம் சத்தம் போட்டார், சீக்கிரம் ஆகட்டும் என்று.

"சாக்கிட், சாக்கிட்" என்றது மரகதத்தின் குரல். உடம்பு சரியில்லையாம்.

பிறகு படுதா விலகிப் பொன்னம்மா வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. மென்றுகொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். மடி காலியாக இருந்தது. சோறு வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. கையிலோ மடியிலோ போகக் கூடாது. வயிற்றில் போனால் அதை யாரும் கேட்கப்போவதில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்ததில் விடியுமுன் அவளால் சாப்பிட முடியாமல் போயிருக்கிறது. மரகதம் அவளை அங்கேயே நிற்க வைத்து முழுவதையும் சாப்பிட வைத்துவிட்டாள்.

காசிம் பொன்னம்மாவின் வாயைப் பார்த்தார். காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சாக்கிட், ஆ" என்றார்.

அதற்குப் பிறகு வாசலில் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. இருட்டில் சோறு இறங்காத பெண்கள் ஒரு உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு வருவதும், படுதாவுக்குள் சாப்பிட்டுவிட்டுப் போவதும் சொல்லாமலே நடந்தது. ஜோசப் பறிப்பு தாமதமாகிறது என்று முணுமுணுத்தார், ஆனால் துரையிடம் கொண்டுபோகவில்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் பயந்தேன். துரையின் ஜீப் சத்தத்துக்குப் பயந்தேன், வேறு காவலர் மாறி வந்துவிடுவாரோ என்று பயந்தேன். "நீங்க இப்படி எண்ணிட்டே இருந்தா சோறுதான் ஆறும்" என்பாள் மரகதம். அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கைகளை வெகுநேரம் கழுவுவாள்.

ஒரு நாள் எனக்கே இருட்டில் சோறு இறங்கவில்லை. முந்தின நாள் தானா ராத்தாவில் ஒரு கடைக்காரர், "பெரியவரே, உங்க மகனை அனுப்புங்க, வேலை தர்றேன்" என்று சொல்லியிருந்தார். தட்டை மூடி வைத்துவிட்டுக் குடையை எடுத்தேன். பெண்கள் வாசலுக்குள் வரிசையாக நின்றார்கள். நான் உள்கட்டையைத் தாண்டினேன், எனக்குப் பின்னால் அது இறங்கியது.

படுதாவுக்குள்ளிருந்து, கிழிசல் வழியாக என் முகத்தைப் பார்த்து மரகதம் கேட்டாள். "சாப்பிடாம வந்துட்டீங்களா?" வாசல் முழுவதும் கேட்டது.

"அய்யாவையும் சாக்குக்குள்ளே விடுங்கம்மா, நாங்க கண்ணை மூடிக்கிறோம்!" என்றாள் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். காசிமும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் சாக்கின் கிழிசல் வழியாக ஒரு கை நீண்டது. மரகதத்தின் கை இல்லை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு சோற்று உருண்டை. எத்தனையோ காலைகளில் நான் பெயர் கூப்பிட்ட ஒருத்தியின் கை. அதை வாங்கினேன். வெளிக்கட்டைக்கு அப்பால், அடிவாரத்துத் தாப்பாவுக்கும் கப்பலுக்கும் இறங்கும் ரோடு மூடுபனியில் கிடந்தது. உள்கட்டைக்கு இப்பால் எட்டு லயத்திலும் புகை, அதில் ஒன்று மரகதம்மா வீட்டுப் புகை. இரண்டு கட்டையும் இறங்கியிருக்க, நடுவில் நின்றபடியே தின்றேன். காசிம் வெளியே போனவர்களைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்ததும் எண்ணுவதை நிறுத்தி, நான் மென்று முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார்.