கூப்பனுக்குப் பின்னால் இருந்த பாதிப் பக்கம்

நான் ஒரு படக்கதை வரைந்தேன், அதற்கு நானே வாக்குப் போட்டுக்கொண்டேன். இப்படி ஒரே வரியில் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிட்டு, யார்தான் போடவில்லை என்பார்கள். அதனாலேயே அந்த ஒரு வரிக்கு மேல் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மிச்சத்தை இப்போதுதான் எழுதுகிறேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி அது. கல்லூரியை முடித்துவிட்டு, புதுச்சேரியில் கருவடிக்குப்பம் போகும் சாலையில் இருந்த ஒரு வாடகை நூலகத்தில் வேலைக்கு உட்கார்ந்திருந்தேன். மாலை வரைக்கும் நான், அதற்குப் பிறகு முதலாளி. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் உறுப்பினர்கள் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசியே என்று கூப்பிடுவார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, மூன்று சுவரிலும் மாத நாவல்கள். கொலைக்கு ஒரு சுவர், பேய்க்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் புதியவை வந்து இறங்கும். கொலை நாவலில் மட்டும் ஆறு பிரதி வாங்குவோம். மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர்கள் அதற்காகக் காலையிலேயே வாசலில் வந்து நிற்பார்கள்.

திரும்பி வரும் புத்தகத்தில் முசியே முதலில் பார்ப்பது கடைசித் தாளைத்தான். "கொன்னது யாருன்னு அதுலதான் இருக்குது. அது போச்சுன்னா புஸ்தகமே போச்சு" என்பார். என்னையும் அப்படியே பார்க்கச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் ஒழுங்காகப் பார்த்தேன்.

நூலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். வீட்டில் வரைந்ததை அங்கே ஸ்கேன் செய்து, வாரத்துக்கு ஒரு பக்கம் என்று என் வலைப்பூவில் ஏற்றுவேன். புனைபெயரில்தான். என் கதாநாயகி ஒரு மீன்காரி. தெருவில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் பேரம் பேசும் பேச்சிலிருந்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். பின்னூட்டம் போடுகிறவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் நான்தான்.

அந்த மீன்காரியை நான் கற்பனை செய்யவில்லை. எங்கள் நூலகத்துக்கு வைத்திக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மீன் விற்று முடித்துவிட்டு, காலிக் கூடையை வாசலில் கவிழ்த்து வைத்து, கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் புத்தகம் எடுப்பார். குப்பத்தில் எட்டாவது வரை படித்த ஒரு பெண் மத்தியான வேளையில் வாசிக்க, ஏழெட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். ஒரு நாவல் ஒரு வாரம் ஓடும். கொலைகாரன் யார் என்று அவர்களுக்குள் பந்தயமே நடக்கும். "நீ படிச்சிருப்ப. யாருன்னு மட்டும் சொல்லிடாத பாப்பா" என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். இடுப்பில் கை வைத்துத் தலையை ஒரு பக்கம் சாய்த்து அவர் நிற்கும் விதம், மூக்குத்தி, பேச்சு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

அந்தக் கொலை நாவலை வெளியிட்டவர்கள் ஒரு மாதம் அறிவிப்புப் போட்டார்கள். இணையத்தில் வரும் படக்கதைகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வாசகர்கள் வாக்களிக்க வேண்டும். ஜெயிக்கும் கதை நாவலின் பின்பக்கங்களில் மாதாமாதம் அச்சாகும். ஐந்தில் ஒன்று என்னுடையது. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை.

இணையத்தில் போட்டால் ஒரு வாக்கு. நாவலில் அச்சான கூப்பனை வெட்டிப் பெயர், விலாசம் எழுதி அனுப்பினால் அது பத்து வாக்குக்குச் சமம். புத்தகம் விற்க வேண்டுமே, அதற்குத்தான். பிரவுசிங் சென்டரில் போய்த் தினமும் எண்ணிக்கையைப் பார்ப்பேன். முதலிடத்தில் ஒருவன் பேய்க்கதையோடு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கை வரைய வராது. அவனுடைய ஆட்கள் எல்லாரும் பேயைப் பார்த்தாலும் பேண்ட் பைக்குள் கையை விட்டுக்கொண்டுதான் பயப்படுவார்கள். அவனுக்கும் எனக்கும் நாற்பது வாக்கு வித்தியாசம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது, அந்த மாத நாவலின் ஆறு பிரதியும் படிக்கப்பட்டுத் திரும்பி வந்து சுவரில் இருந்தன. படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் படித்தாயிற்று, இனி யார் எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மத்தியானம், யாரும் இல்லாத நேரம், ஸ்கேலை வைத்து பிளேடால் அறுத்தேன்.

இரண்டை அறுத்த பிறகுதான் திருப்பிப் பார்த்தேன். கூப்பன் இருந்தது கடைசித் தாளின் கீழ்ப்பாதியில். அதன் பின்னால் கதையின் கடைசிப் பாதிப் பக்கம். கொலைகாரனின் பெயர் அங்கேதான் இருந்தது. என் கையில் இரண்டு கூப்பன், இருபது வாக்கு. அது போதாது. மற்ற நான்கையும் அறுத்தேன். முதல் இரண்டு தெரியாமல், மற்றவை தெரிந்தே. இந்தக் கணக்கை என்னால் இன்றுவரை மாற்றிச் சொல்ல முடியவில்லை.

உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து ஆறு பெயர், ஆறு விலாசம் எழுதினேன். கையெழுத்து மாறித் தெரிய வேண்டும் என்று ஒன்றை இடது கையால்கூட எழுதினேன். அந்த அக்காவின் பெயரும் அதில் ஒன்று. என் கதாநாயகியே எனக்கு வாக்குப் போடட்டும் என்ற ஒரு கிறுக்குச் சந்தோஷம். ஒரே கதையின் ஆறு முடிவுகளையும் உறையில் போட்டு அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.

மறுநாள் அந்த அக்கா வந்தார். நேராகக் கொலைச் சுவரைக் காட்டி, "அந்தச் செவப்பு அட்டையக் குடு. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார். ஆறும் வெளியே போயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது அவர் கண் முன்னாலேயே இருந்தது. அதோடு எனக்கு இன்னொன்றும் தோன்றியது. படிக்கத் தெரியாதவர்தானே, இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். செய்த எல்லாவற்றையும்விட அந்த நினைப்புக்காகத்தான் நான் அதிகம் கூசுகிறேன். எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, மாலையில், முசியே இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"என்னா புஸ்தகம் முசியே இது? ஒரு வாரமாப் படிச்சி, கொன்னவன் பேரு வர்ற எடத்துல பாதித் தாளக் காணோம். அத்தினி பொம்பளைங்களும் எம் மூஞ்சியப் பாக்கறாளுங்க."

முசியே தாளைத் தடவிப் பார்த்தார். கூப்பன் இருந்த இடம் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கிழியல, நேரா அறுத்துருக்குது. மீன் அறுக்கற கை. கூப்பனுக்கு ஆசப்பட்டு அறுத்துட்டு எங்கிட்டயே வந்து கேக்கறியா?"

"எழுதவே தெரியாத எனக்குக் கூப்பன் எதுக்கு முசியே?"

"படிச்சிக் காட்டறதுக்கு ஆளு இருக்குதில்ல. எழுதிக் குடுக்கறதுக்கும் இருக்கும்."

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, நீதானே எடுத்துக் குடுத்த. நீ சொல்லு. அப்பவே இப்பிடித்தானே இருந்திருக்கும்?"

"நான் பாக்கலக்கா" என்றேன்.

மற்ற பிரதிகளைப் பார்க்கச் சொன்னார் முசியே. நான் சுவரிடம் போனேன். ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து, கடைசித் தாளைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்குது சார்" என்றேன். அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை. பதிவேட்டை எடுத்து அந்த அக்காவின் பெயர் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். அந்த அக்கா வெளியே போய்க் கூடையை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு நடந்தார். மறுநாள் அந்த ஐந்து பிரதிகளையும் பழைய பைண்டிங் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளி மறைத்தேன்.

என் படக்கதை ஜெயித்தது. இரண்டு மாதம் கழித்து முதல் இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. என் மீன்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். அதை விரித்து வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே வாரம், நான் தனியாக இருந்தபோது, அந்த அக்கா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கையில் அந்த மாத நாவல், மேல் உறை பிரித்தபடி.

"பாப்பா, இது எனக்குத் தபால்ல வந்துச்சு. எம் பேரப் போட்டு. உள்ளார ஒரு சீட்டும் இருக்குது. படிச்சிக் காட்டற பொண்ணு ஊருக்குப் போயிருக்குது. என்னா எழுதிருக்குதுன்னு பாரு."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். கூப்பன் அனுப்பி வாக்களித்ததற்கு நன்றி, குலுக்கலில் தேர்வான வாசகருக்கு அன்பளிப்பு என்று அச்சடித்திருந்தது.

"அன்பளிப்புன்னு போட்டுருக்குதுக்கா" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "பாத்தியா! புஸ்தகம் போடறவங்களுக்கே தெரிஞ்சிருக்குது, நான் அறுக்கலன்னு. அதான் ஒரு புஸ்தகம் அனுப்பிருக்காங்க. இந்தச் சீட்ட முசியே கிட்டக் காட்டி எம் பேரச் சேக்கச் சொல்றேன்."

அந்தச் சீட்டு முசியே கைக்குப் போனால் கூப்பனை அறுத்தது அவர்தான் என்று முடிவே ஆகிவிடும். அதைத் தடுக்க வேண்டுமானால் நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நான் சொன்னது வேறு.

"நீங்க காட்ட வேணாம்க்கா. அவரு கோவக்காரரு. சீட்டு எங்கிட்டயே இருக்கட்டும், நான் பக்குவமாப் பேசறேன்."

அவர் உடனே சம்மதித்தார். பிறகு படக்கதைப் பக்கத்தை விரித்து, "இந்தப் பொம்பளயப் பாரேன், என்ன மாதிரியே நிக்கிறா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போகும்போது திரும்பி, "அந்தச் செவப்பு அட்டைக் கதையில கொன்னது யாரு? இப்பச் சொல்லு, பரவால்ல" என்றார்.

"கணக்குப்பிள்ளைக்கா."

"நான் மொத நாளே சொன்னேன்! ஒருத்தியும் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சீட்டை நான் அன்றைக்கே கிழித்துப் போட்டேன். பத்து நாள் கழித்து எங்கள் தெருவில் அவர் மீன் விற்றுக்கொண்டு வந்தார். அம்மா பாத்திரத்தைக் கொடுத்து என்னைத்தான் அனுப்பினாள்.

"சொன்னியா பாப்பா?"

"சொன்னேன்க்கா. யோசிக்கிறேன்னாரு."

"யோசிக்கட்டும். நீ சொன்னாக் கேப்பாரு" என்று, போட்ட மீனுக்கு மேல் இரண்டு சங்கராவை எடுத்துப் போட்டார். "இது ஒனக்கு, எனக்காகப் பேசறியில்ல."

வீட்டில் அம்மா குழம்பு வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.