கொசுக்கடி மாமாவின் ஆறு லேத்துகள்

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குக் கொசுக்கடி மாமா என்று பெயர். வைத்தவள் ஒரு ஐந்து வயதுப் பெண். கையைக் கட்டி, ஊசி குத்தி, ரத்தம் எடுத்து, பஞ்சை ஒட்டி முடித்த பிறகு, எப்போது குத்துவீர்கள் என்று அவள் கேட்டாளாம். இப்போது ஒரு கொசு கடித்ததே, அதுதான் என்றாராம் இவர். அன்றிலிருந்து பெரிய டாக்டர்வரை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைகள் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ரத்தம் எடுப்பதுதான் வேலை. பிறந்து பத்து நாளான குழந்தையின் கையில் நூல்போல ஓடும் நரம்பை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். ஒரே குத்து, முடிந்துவிடும்.

அவர் அறைக்கு வெளியே டோக்கன் கவுண்டரில் எனக்கு வேலை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பது பெரிய கொடுப்பினை என்று நினைப்பவர்கள் ஒரு வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். எங்களுக்கு நடுவே ஒரு கதவு, காற்றுக்காக அது எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே நடப்பது தெரியாது, கேட்கும். ஒரு வீறல், கொஞ்சம் விசும்பல், அவ்வளவுதான். நான் அடுத்த நம்பரைக் கூப்பிடுவதற்குள் அம்மாக்காரி குழந்தையோடு வெளியே வந்துவிடுவாள்.

வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் மரம் கடைவது. லேத் என்கிற கடைசல் மெஷின் ஒன்றைச் செருப்புப் பெட்டி அளவில் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் திருகி வைத்தார். பென்சில் கனத்தில் ஒரு மரத்துண்டு அதில் சுழலும். உளி என்று அவர் பிடித்திருப்பது என் ஸ்வெட்டர் ஊசியைவிட மெல்லியது. மிளகளவு கிண்ணம் கடைவார், குண்டூசித் தலையில் நிற்கும் பம்பரம் கடைவார். உயிரை விட்டது ஒரு கோப்பைக்காக. கட்டைவிரல் உயரம், பல்குத்தும் குச்சி கனத்தில் தண்டு, தண்டைச் சுற்றிக் கழற்றவே முடியாத ஒரு வளையம், எல்லாம் ஒரே துண்டு மரத்தில். சோற்றில் தூள் விழுகிறது என்று நான் கத்தினால், நார்ச்சத்து உடம்புக்கு நல்லது என்பார்.

ஒருநாள் அந்தத் தண்டு ஒடிந்தது. மறுநாள் வேறொன்று, அதே இடத்தில் ஒடிந்தது. பேரிங் ஆடுகிறது என்று பேரிங்கை மாற்றினார். அப்புறமும் ஒடிந்தது. வாங்கின லேத்தே லாயக்கில்லை, நானே செய்கிறேன் என்று கிளம்பியவர், என் அடிமடியிலேயே கை வைத்தார். தையல் மெஷினின் மோட்டாரைக் கழற்றி இரண்டாவது லேத்தைச் செய்தார். மோட்டார் அதிர்கிறது என்று மூன்றாவதற்கு மோட்டாரே வைக்கவில்லை. கயிறு கட்டிய ஒரு வில்லை ஒரு கையால் முன்னும் பின்னும் இழுக்க, அந்தக் கயிறு சுற்றிய மரம் சுழலும், மறு கையில் உளி. நான்காவதில் பேரிங் கிடையாது, இரண்டு ஊசிமுனைகளுக்கு நடுவே மரம் நின்றது. தெருவில் பஸ் போனால் தரை குலுங்குகிறது என்று ஐந்தாவதைக் கருங்கல் பலகைமேல் ஏற்றினார். ஆறாவது காலால் மிதிக்கிறது. மேஜைக்கு அடியில் பெரிய இரும்புச் சக்கரம், மேலே லேத் மட்டும் தீப்பெட்டி அளவு. ஆறிலும் தண்டு ஒடிந்தது.

மூன்றாவது லேத் நடந்துகொண்டிருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு டீ கொண்டு வந்தார், தட்டில் கப் கடகடவென்று ஆடியது. தட்டு கோணல் என்றார். ஆமாம், பழசு என்றேன். தட்டில் ஒரு கோணலும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் அழுகை நீண்டுகொண்டே போனது. ஒரு வீறல் இரண்டானது, இரண்டு மூன்றானது. குழந்தைகள் இரண்டு கையிலும் பஞ்சோடு வெளியே வந்தார்கள். அம்மாமார்களின் முகத்தைப் பார்க்காமல் நான் டோக்கன் கிழித்தேன். அந்தக் கை போனால் இந்த மனுஷனிடம் என்ன மிஞ்சும் என்று பயந்தேன். பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு தண்டு ஒடியும்போதும், ஆட்டம் மெஷினில்தான் இருக்கும், இன்னொன்று செய்து பாருங்கள் என்று நானே கிளப்பி விட்டேன். அவர் நம்பினார். அவருக்கு நிஜமாகவே மெஷின்மேல்தான் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப்போலவே மரம் கடையும் கிறுக்குப் பிடித்த ஃபிட்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தன் பேக்டரியிலிருந்து டயல் கேஜ் கொண்டு வந்திருந்தார். தலைமுடி கனத்தில் ஆட்டம் இருந்தாலும் அதன் முள் காட்டிக்கொடுத்துவிடுமாம். அதை ஸ்டாண்டில் மாட்டி, ஒவ்வொரு லேத்தாகச் சுற்றிப் பார்த்தார். முள் அசையவே இல்லை. ஆறும் துளிகூட ஆடாமல் நேராக ஓடுகின்றன, எங்கள் பேக்டரியில்கூட இப்படி ஒன்று கிடையாது என்றார். இவருக்கு அது பாராட்டாகவே படவில்லை. இன்னொரு தடவை பாருப்பா என்றார். பார்த்தும் அதேதான். உடனே இவர் கேஜை ஸ்டாண்டிலிருந்து உருவி, தன் கையாலேயே லேத்தின்மேல் பிடித்துப் பார்த்தார். முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் துள்ளியது.

"பாத்தியா, ஆடுது," என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அண்ணே, அதைக் கையில பிடிச்சா அப்படித்தான் காட்டும். ஸ்டாண்ட்ல வைங்க," என்றார் ஃபிட்டர் சாதாரணமாக. பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்தவர் கேஜை வாங்கித் துணியில் சுற்ற ஆரம்பித்தார். லேத் ஓடவே இல்லை என்பதை மூன்று பேரும் கவனித்திருந்தோம்.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். போகாதீர்கள் என்று சொல்லாமல் டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்தேன். முதல் டோக்கன் எட்டு மாதக் குழந்தை, மூன்று நாளாகக் காய்ச்சல். நான்தான் உள்ளே அனுப்பினேன். முதல் குத்துக்கு வீறிட்டது. இரண்டாவதற்கு மூச்சு அடைத்து, திரும்ப வந்தது. மூன்றாவதற்குப் பிறகு அம்மாக்காரியின் குரல் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். இவளுக்கு நரம்பு கிடைக்காது போல. உங்களுக்குத்தான் சிரமம்."

அழுகைக்கு மேலே அவர் பேசினார். "இல்லம்மா. குழந்தைக்கு நரம்பு நல்லாத்தான் இருக்கு. என் கை சரியில்ல. வேற ஆளை வரச் சொல்றேன்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் என் கவுண்டருக்கு வந்தார். எதிரே பெஞ்சுகளில் இருபது பேராவது மடியில் குழந்தையோடு காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடி, உனக்குத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன். எவ்வளவு நாளாக என்றார். இரண்டு வருஷமாக என்றேன். அவர் திட்டவில்லை. பெஞ்சுகளை ஒருதரம் பார்த்துவிட்டு, சீனியர் சிஸ்டரைத் தேடிப் போனார்.

இப்போது பழைய ஃபைல்கள் வைக்கிற அறையில் அவருக்கு வேலை. வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்கிறார், கொடுத்ததைச் சாப்பிடுகிறார். லேத்துகள் ஆறையும் ஃபிட்டருக்கே கொடுத்துவிட்டார். மேஜை காலியாகி நாலு மாதம் கழித்து, ஒருநாள் சாப்பிடும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன். உங்கள் மனசு உடைந்துவிடக் கூடாதே என்றுதான் மறைத்தேன், வேறு ஒன்றும் இல்லை என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதைக் குழந்தைங்ககிட்ட சொல்லு," என்றார்.