எட்டாவது பட்டை

அண்ணனும் தம்பியுமாக நடத்திய தகரப் பட்டறை அது. அடிபட்ட காரின் கதவு, நசுங்கிய பம்பர், ஓட்டை விழுந்த தண்ணீர்த் தொட்டி, எது வந்தாலும் தட்டி நிமிர்த்தி அனுப்புவார்கள். தெருவில் அண்ணனுக்குப் பெரியவர் என்று பெயர், தம்பிக்குச் சின்னவர். பெரியவர் என்றதும் ஊருக்குப் புத்தி சொல்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தம்பியைவிட இரண்டே வயது மூப்பு. அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழைதான். பேச்சு, சிரிப்பு, வாடிக்கையாளரிடம் சண்டை எல்லாமே சின்னவரின் இலாகா.

அந்தச் சின்னவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. நெஞ்சுவலி என்றார்கள். செய்தி வந்தபோது பெரியவர் "சரி" என்றார். அட, கூடப்பிறந்தவன் போய்விட்டான் என்கிறார்கள், அதற்குப் போய்ச் சரியா! ஆனால் வாயில் வந்தது அதுதான். சாவு வீட்டில், வந்தவர்களின் வண்டிகளை எங்கே நிறுத்தலாம் என்று கை காட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல்நெஞ்சுக்காரன்" என்று நாலு பேர் காதுபடவே சொன்னார்கள். கல்லாக இருந்தாலாவது கனக்குமே. அவருக்கு உள்ளே எதுவுமே இல்லை, மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது. அது அவருக்கே பயமாக இருந்தது.

மூன்றாவது வாரம் விமான மெக்கானிக் ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

ஊருக்கு வெளியே இருந்த சின்ன விமானத் திடலில், அறுபது வயதைத் தாண்டிய விமானம் ஒன்றை அவர் சீர்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் உட்காருகிற விமானம். அதன் ஜன்னல்களுக்குக் கீழே, பக்கத்துக்கு நாலாக எட்டு அலுமினியப் பட்டைகள் ஓட வேண்டும், அழகுக்காக. அந்த விமானத்தைச் செய்த கம்பெனியே எப்போதோ மூடிவிட்டது. மெக்கானிக், பழைய விமானங்களைப் பிரித்து விற்கிற இடத்துக்கெல்லாம் போன் போட்டு, தேடு தேடென்று தேடி, வெடித்துப்போன ஒரே ஒரு பட்டையைக் கண்டுபிடித்தார். அதை மாதிரியாக வைத்து எட்டையும் புதிதாக அடித்துத் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டவர் சின்னவர். ஏழு பட்டைகளை முடித்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தார். எட்டாவதற்குத் தகடு வெட்டி வைத்ததோடு சரி.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதாங்க," என்றார் மெக்கானிக். "ஆனா எட்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் மாட்ட முடியும். இல்லன்னா எட்டையும் மொத்தமா மெஷின்ல அடிக்கிற இடத்துல குடுத்துடச் சொல்லிட்டாங்க ஓனரம்மா."

"அப்போ தம்பி செஞ்ச ஏழு?"

"என்னங்க பண்றது? பழைய அலுமினியத்தோட போயிடும்."

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கார் வேலையே தலைக்கு மேல கெடக்கு. இது உங்களுக்கு எதுக்கு?"

"அவன் செஞ்சது பழைய அலுமினியத்துக்குப் போகக் கூடாது," என்றார் பெரியவர்.

மூன்று வாரத்தில் அவர் எதையாவது வேண்டும், வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

தகட்டில் சோப்பைத் தேய்த்து, அடியில் நெருப்பைக் காட்டினார். சோப்பு கறுத்தால் தகடு இளகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் கொஞ்சம் அசந்தாலும் போச்சு, உருகி ஓட்டை விழுந்துவிடும். மர அச்சின் மேல் வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி விளிம்பைச் சுருட்டினார். கடைசியில் மெருகுக்காக உப்புத்தாளால் குறுக்கே சாய்வாகக் கோடு கோடாக இழுத்தார். முப்பது வருஷக் கை, அது பாட்டுக்கு ஓடியது. மனசு எங்கேயோ கிடந்தது.

விமானக் கொட்டகையில் மெக்கானிக் எட்டையும் வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். ஏழு பளிச்சென்று இருந்தன. எட்டாவது மட்டும் மங்கிக் கிடந்தது. தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் அப்படியே.

பெரியவருக்கு விளங்கிவிட்டது. சின்னவருக்கு எல்லாமே பீச்சாங்கை. அவர் இழுத்த கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, இவருடையவை எதிர்ப்பக்கம், அதனால்தான் அதே வெளிச்சத்தில் மங்கித் தெரிந்தது. முப்பது வருஷம் ஒரே மேஜையில் வேலை பார்த்தும் இது கண்ணில் படவில்லையா என்று கேட்பீர்கள். கார் வேலையில் கோட்டுக்கு மேல் பெயிண்ட் ஏறிவிடும். யார் கோடு எந்தப் பக்கம் சாய்ந்தால் யாருக்கென்ன?

"கோட்டை அழிச்சுட்டு மறுபடி இழுக்கிறேன்," என்றார்.

மெக்கானிக் தகட்டின் கனத்தை அளந்தார். "ஒரே ஒரு தடவை தாங்கும். அதுக்கு மேல தேச்சா மெலிஞ்சுடும், நான் மாட்ட மாட்டேன். பாத்துக்குங்க."

வலக்கையாலேயே சாய்வை மாற்றி இழுத்தால் என்ன? உடைசல் தகட்டில் இழுத்துப் பார்த்தார். ஒத்துவரவில்லை. முழங்கை சுழல்கிறபடி கோட்டின் நுனி லேசாக வளைகிறது. இடக்கை வளைவு இடக்கைக்குத்தான் வரும். சரி, வேறு வழியில்லை என்று உப்புத்தாளை இடக்கைக்கு மாற்றினார்.

நாலு நாள் உடைசல் தகடுகளில் பழகினார். முதல் நாள் இழுத்ததைக் கோடு என்று சொன்னால் கோழிக்குக் கோபம் வரும். விரல் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. வலிக்கவில்லை, யாருடைய விரலோ என்பதுபோல் துடைத்துக்கொண்டார். வீட்டில் டம்ளரையும் சீப்பையும் இடக்கையால் எடுத்தார்.

"இந்த வயசுல இது என்ன புதுக் கூத்து?" என்றாள் மனைவி. "அடுத்து அந்தக் கையால சாப்பிடவும் ஆரம்பிப்பீங்களோ?"

"பழகணும்," என்றார் அவர்.

மேஜையின் அந்தப் பக்கம், தம்பி நின்று நின்று சிமெண்டு வழவழத்துப்போன இடத்தில் தன் கால்களை வைத்துக்கொண்டதும் முழங்கைக்கு வழி கிடைத்தது. ஐந்தாம் நாள் பழைய கோடுகளை அழித்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பட்டையையும் இழுத்து முடித்தார்.

மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார். பிறகு எட்டையும் திருகாணி போட்டு மாட்ட ஆரம்பித்தார். பெரியவர் வெளியே போய்த் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தபோது எட்டும் ஏறியிருந்தன. தம்பியின் ஏழு பட்டைகளும் தப்பித்துவிட்டன. சந்தோஷம் வரும் என்று காத்துப் பார்த்தார். வரவில்லை.

"அசத்திட்டீங்க," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்தபடி. "ஓனரம்மா கேப்பாங்க. இதுல தம்பி செஞ்சது எது, நீங்க செஞ்சது எது?"

இது ஒரு கேள்வியா என்று பெரியவர் விமானத்தின் பக்கத்தில் போனார். முதல் பட்டையைக் காட்ட விரலை நீட்டினார், மடக்கிக்கொண்டார். அடுத்ததற்கு நகர்ந்தார். நாலையும் தடவிப் பார்த்துவிட்டு மறுபக்கம் போனார். அங்கேயும் நாலு. திரும்ப முதலிலிருந்து ஒரு சுற்று வந்தார். எதைப் பார்த்தாலும் தம்பியுடையது போலவே இருந்தது, தொட்டால் தான் செய்தது போலவும் இருந்தது. ஆயிரம் தகடு கிடந்தாலும் அவன் கைவேலை எனக்குத் தெரியும் என்று இருந்த மனுஷர் அவர். இனி அவன் கையை எங்கே போய்ப் பார்ப்பது? தம்பி செத்துப்போய்விட்டான் என்பது அங்கே, அந்த இறக்கைக்குக் கீழே நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார் மெக்கானிக்.

"தெரியலீங்க," என்றார் பெரியவர். "எது அவனோடதுன்னு எனக்குத் தெரியல." உட்கார ஏதாவது கிடைக்குமா என்று கையால் கேட்டார்.