எஞ்சின் இல்லாத பிக்கப்பும் நாலு எலுமிச்சம்பழமும்

தொண்ணூற்றெட்டாம் வருடம் என்று நினைக்கிறேன். பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மாடியில் வீட்டுக்கார அம்மா, பக்கத்துப் போர்ஷனில் இன்னொரு குடும்பம். எல்லோருக்கும் சேர்த்து முன்வாசலில் தரைக்கடியில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. ‘சம்ப்’ என்போம். குழாய்த் தண்ணீர் அதில் வந்து விழும், மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். இந்த சம்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஒருநாள் சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல், “வண்டி வாங்கிட்டேன்” என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஸ்கூட்டர் வாங்குங்கள் என்று நச்சரித்தவள் நான். தலைகால் புரியவில்லை. பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பின்னால் உட்கார எனக்குப் பயமாக இருக்குமே என்று கொஞ்சம் பிகுவும் பண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதன் முதுகில் இன்னொரு குட்டி லாரி. அந்தக் காலத்துப் பிக்கப். மூக்கு நீண்டு, துரு ஏறி, பச்சையா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். இடது பக்கம் கதவு இல்லை. உள்ளே சீட் இல்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அங்கே எஞ்சினும் இல்லை. காய்ந்த இலையும் ஒரு எலிக்கூடும்தான் இருந்தன. ஸ்கூட்டருக்கென்று சேர்த்ததெல்லாம் அதில் போய்விட்டது.

“எஞ்சின் எங்கங்க?”

“வித்தவரோட தம்பி வீட்டுல இருக்காம். தரேன்னாரு.”

இந்தத் தம்பியை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

வண்டியை இறக்கிப் பின்பக்கமாகக் காம்பவுண்டுக்குள் தள்ளி, மூக்கு கேட்டைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார்கள். கல் கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டு என் வீட்டுக்காரர், தள்ள வந்த நண்பர்கள் எல்லோர் முன்னாலும் ஒரு சபதம் போட்டார். இனி இந்த வண்டி நகர்ந்தால் அது சொந்த எஞ்சினில்தான் நகருமாம், அதுவரை ஒருத்தனும் இதைத் தள்ளக் கூடாதாம். எல்லோரும் கை தட்டினார்கள். நான் டீ போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கூத்துதான். நண்பர்கள் வருவார்கள், வண்டியைச் சுற்றி வருவார்கள், “சூப்பர் மால்பா இது, இப்பல்லாம் கெடைக்காது” என்பார்கள். டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். ஒருத்தராவது ஒரு நட்டு கொண்டுவந்தாரா என்றால் இல்லை. இவர் மட்டும் சிவாஜிநகர் குஜரிக் கடைகளில், அதாவது பழைய இரும்புக் கடைகளில், நாள் முழுக்க அலைந்து எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். எஞ்சினே இல்லாத வண்டிக்கு முதலில் வாங்கியது கார்புரேட்டர். அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட வீட்டில் வேறு பாத்திரமே கிடைக்காமல் என் இட்லிக் குண்டானை எடுத்தார். ஸ்டீயரிங் காலண்டர் ஆணியில் தொங்கியது. ஹெட்லைட் ரெண்டும் கட்டிலுக்கடியில் இருந்து, பெருக்கும்போதெல்லாம் என்னை முறைத்துப் பார்க்கும். கத்தினேன், அழுதேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஆயுத பூஜை நெருங்கிய நேரத்தில் ஒருநாள் காலை மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. பிளம்பர் வந்து பார்த்தார். சம்ப்புக்குள் குழாயின் அடியில் இருக்கிற வால்வு அடைத்துக்கொண்டதாம், இறங்கிச் சுத்தம் பண்ண வேண்டுமாம். “மூடி எங்கம்மா?” என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் பிக்கப்பைப் பார்த்தோம். இரும்பு மூடி அதன் வயிற்றுக்கு நேர் கீழே இருந்தது. இறக்கிய அன்று ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. பிளம்பர் படுத்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கிரீஸோடு வெளியே வந்தார். மூடி ஒரு சாண் தூக்கியதும் வண்டியில் இடிக்கிறது. வண்டியை எடுத்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கார அம்மா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர். “நோடம்மா, ஹப்பத்தன்னிக்கு என் மனெல நீரு இருக்கணும். அன்னிக்குள்ள இந்த காடி நகரலன்னா நீங்க வேற மனெ பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறிப்போனார்.

பண்டிகை முடிந்ததும் வீடு தேடி அலைய வேண்டுமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அந்தத் தெருக்கோடியில்தான். தள்ளி நிறுத்துங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். மனுஷன் சபதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். “எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். தள்ளுனா மானம் போயிரும்” என்றார். நாங்கள் எல்லோரும் தெருக்குழாயில் குடம் தூக்குகிறோம், அதில் போகாத மானம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கை எடுத்து அவர் தலையில் மாட்டியிருப்பேன்.

அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. ஆயுத பூஜை என்றால் இவருக்கு உயிர். ஃபேக்டரியில் மெஷின்களுக்கெல்லாம் முன்னால் நின்று பூஜை போடுகிறவர். “நம்ம வண்டிக்கும் போடணுமில்ல?” என்று மெதுவாகக் கேட்டேன். முகம் அப்படி மலர்ந்தது. வாடகை ஜாக்கி கொண்டுவந்து கற்களை எடுத்தார், டயருக்குக் காற்றடித்தார், கழுவினார், வாழைக்கன்று கட்டினார். காலண்டர் ஆணியிலிருந்த ஸ்டீயரிங்கூட வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. எலுமிச்சம்பழம் வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சக்கரத்தடியில் வைக்கவில்லை. நாலையும் தள்ளி, கேட்டுக்குப் பக்கத்தில், சக்கரங்கள் எங்கே வந்தால் சம்ப் மூடி வெளியே தெரியுமோ அங்கே பார்த்து வைத்தேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய் உடைத்தாயிற்று. இவர் பழங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா, அங்க வெச்சிருக்கே?”

“வெச்சது வெச்சதுதான். பூஜை போட்ட வண்டி பழத்த நசுக்காம நின்னா வீட்டுக்கு ஆவுமா? நீங்களே சொல்லுங்க.”

தெருவே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சாமி காரியம். சபதத்தை ஓரங்கட்டிவிட்டு அவரும் வண்டிக்குப் பின்னால் போனார். பக்கத்துப் போர்ஷன்காரர், எதிர்வீட்டு ஆட்டோக்காரர், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கார அம்மா என்று எல்லோரும் பின்னால் கை வைத்தார்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்க உள்ளே ஒரு ஆள் வேண்டுமே. தள்ளுவதற்கு லாயக்கில்லாதவள் நான்தான் என்று முடிவாயிற்று. சீட் இல்லாத இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தார்கள். பிரேக் இல்லை. அதனால் ஆட்டோக்காரர் கையில் ஒரு கல்லைக் கொடுத்து, பழம் நசுங்கியதும் சக்கரத்துக்கு முன்னால் போடச் சொன்னார் இவர்.

தள்ளினார்கள். வண்டி முனகியது, அசைந்தது, உருண்டது. பழங்கள் சப்பென்று நசுங்கின. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். கல் போட வேண்டிய ஆட்டோக்காரர் உற்சாகத்தில் கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தானும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே சரிவு. தெருவும் சரிவு. வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஹாரன் இல்லை, நானே ஹாரன் மாதிரி அலறினேன். நேர் எதிரே பொரி விற்கிற தள்ளுவண்டி. ஸ்டீயரிங்கை உடம்போடு சேர்த்து வளைத்தேன். வளையாது என்றுதான் நினைத்தேன், வளைந்தது. அந்தத் துருப்பிடித்த மூக்கு நான் சொன்ன பக்கம் திரும்பியது. பொரிக்காரர் குதித்து ஒதுங்கினார். பாதி கட்டிய ஒரு வீட்டுக்கு முன்னால் மணல் கொட்டியிருந்தது. மறுபடியும் திருப்பினேன், அந்த மணலில் போய் மூக்கைக் குத்தி வண்டி நின்றது. டின் ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம் உருண்டேன்.

நான் பயந்தது நிஜம். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பெரிய இரும்பு நான் திருப்பிய பக்கம் திரும்பியதே என்று உள்ளுக்குள் ஏதோ குதித்தது.

இவர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். “அடி கிடி பட்டுச்சா?” என்றார். என்னைக் கேட்கிறாரா, வண்டியைக் கேட்கிறாரா என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம். ஆனால் அவர் வண்டிப் பக்கம் திரும்பவேயில்லை. என் கையைப் பிடித்து இறக்கி, முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைத் திட்டுவதற்கு என்று நான் அத்தனை மாதம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்து நின்றது. ஆனால் வெளியே வந்தது வேறு.

“எஞ்சின் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல பிரேக்கப் போடுங்க.”

பிளம்பர் பண்டிகையையும் பார்க்காமல் வந்து சம்ப்பில் இறங்கினார். மத்தியானத்துக்குள் மாடித் தொட்டி நிறைந்தது. வீட்டுக்கார அம்மா ஒரு தட்டில் பொரியும் பழமும் கொண்டுவந்து, “நீ இரம்மா இங்கியே. காடி மட்டும் உள்ள வரக் கூடாது” என்றார். அப்புறம் அது தெருக்கோடியில் ஒரு காலி மனையில் நின்றது. தான் போட்ட சபதத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் மறுபடி வாயே திறக்கவில்லை. எஞ்சின் கிடைத்து அது ஓட இன்னும் சில வருடங்கள் ஆயின, அதற்குள் என் முடி பாதி நரைத்துவிட்டது. இட்லிக் குண்டானில் மண்ணெண்ணெய் வாசனை கடைசிவரை போகவில்லை.

அதன் பிறகு நான் எந்த வண்டியும் ஓட்டியதில்லை. இரும்புத் துண்டு எதையாவது தூக்கிக்கொண்டு இவர் வீட்டுக்குள் நுழையும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் அந்தச் சரிவில் ஸ்டீயரிங் என் கைக்குக் கட்டுப்பட்டது ஞாபகம் வந்துவிட்டால், திட்ட ஆரம்பித்த வாய் பாதியில் நின்றுபோகிறது.