தவளைக்கு என்ன பெயர் வைப்பது?

மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஆய்வகத்தின் மின்னஞ்சல் வந்தது. நீலகிரிச் சோலைக்காட்டில் நான் குரலைப் பதிவு செய்த தவளை புதிய இனம்தான். டி.என்.ஏ. சோதனையும் உறுதிசெய்துவிட்டது.

பார்க்க அது பக்கத்து மலைத் தவளையைப் போலவே இருக்கும். குரல்தான் காட்டிக்கொடுத்தது. மற்றது விடாமல் டிக்டிக்கென்று கத்தும். இது ஒரே ஒரு முறை கத்திவிட்டு வெகுநேரம் காத்திருக்கும். நான்கு மழைக்காலம் ஈரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைபேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். யாரையும் அழைக்கவில்லை.

காரமடையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, "ஏனுங் கண்ணு, அழுவறீங்களா?" என்றார்.

"இல்லீங்க, சந்தோஷந்தானுங்க" என்று சொல்லி, தவளையின் குரலைப் போட்டுக் காட்டினேன். காதருகே வைத்துக் கேட்டார்.

"யாரைங்க கூப்புடுது?"

"துணையத்தானுங்க."

"வந்துச்சுங்களா?"

"நான் பாத்த வரைக்கும் வரலீங்க."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "பேரு வெச்சாச்சுங்களா?" என்றார்.

இனிமேல்தான் என்றேன்.

"ஊட்டுல எல்லாருஞ் சேந்து நல்ல பேரா வெய்யுங்க அம்மணி. வெச்சுப்போட்டு எனக்குஞ் சொல்லுங்க."

துடியலூரில் இறங்கிப் போய்விட்டார். அவர் பெயரை நான் கேட்கவில்லை.

இப்போது கணபதியில் என் அறையில் இருக்கிறேன். இங்கே எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான்.

நல்ல பெயர் தோன்றினால் கீழே எழுதுங்கள். வீட்டில் கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.