வெள்ளவத்தைக் கீழறையும் வாசலுக்கு முன்னால் ஒரு சுவரும்

1. கண்ணாடித் துண்டு

ஈரச் சுவரைக் கண்டவுடன் சீமெந்து குழைக்கிறவன் மேசன் பாஸ் இல்லை. ஈரம் எங்கேயிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரைக்கும் ஈரம் ஊறுகிற வீடென்றால் "அந்தோனி பாஸைக் கூப்பிடுங்கோ" என்றுதான் சொல்வார்கள். என்ஜினியர்மார் கைவிட்ட சுவர்களை நான் காயவைத்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் காலி நகருக்குப் போகிற பெரிய வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு குறுகிய ஒழுங்கைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் சிவநாதன் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். நிலம் சரிவு என்பதால் வீட்டுக்குக் கீழே ஒரு அறை இருந்தது. மூன்று பக்கமும் மண், பின்பக்கம் மட்டும் முற்றத்தைப் பார்த்த ஒரு வாசல், இறங்க நாலு படி. உடைந்த கதிரைகளும் தேங்காய்களும் போட்டு வைத்திருந்தார்கள்.

"பாஸ், இதை ஆள் இருக்கிற மாதிரி ஆக்கித் தரவேணும். வசதியா இருக்கவேணும்."

"யாரு இருக்கப்போறது, ஐயா? வாடகை போடிங்குக்குக் குடுக்கவா?"

"அது பிறகு பாப்பம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

சுவரில் ஒரு சாண் கண்ணாடித் துண்டை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் பட்டி வைத்து அடைத்தேன். மூன்று நாளில் கண்ணாடியின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், நனைந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்தால் சுவரில் குற்றமில்லை, அறைக்குள்ளே இருக்கிற காற்றுத்தான் வியர்க்கிறது. நான் மண் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அறைப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"சுவர் நல்ல சுவர் ஐயா. காத்துத்தான் இல்ல. பின்பக்கம் பெரிய ஜன்னல் ஒண்ணு வெட்டுவோம். கடல் காத்து வரும், ஆள் ராஜா மாதிரி இருக்கலாம்."

"ஜன்னல் வேண்டாம்."

"ஜன்னல் இல்லாம மனுசன் எப்பிடி இருக்கிறது?"

"மேல ரெண்டு ஓட்டை காணும், அது போதும்."

2. கேட்கிற கேள்விகள்

வீட்டுக்காரர் என்றால் டைல்ஸ் என்ன நிறம், பல்ப் எங்கே என்று கேட்பார்கள். இந்த மனிதர் கேட்டது வேறு. "மேல இருக்கிற சிலாப் எத்தினை இஞ்சி தடிப்பு?" என்றார். "கம்பி எத்தினை நூல்?" என்றார். பிறகு ஒரு கடதாசியில் பென்சிலால் கீறிக் காட்டினார். வாசலுக்கு நேரே, உள்ளே மூன்றடி தள்ளி, தரையிலிருந்து சிலாப் வரைக்கும் ஒன்பது இஞ்சிச் சுவர் ஒன்று. உள்ளே வருகிறவன் சுவரில் முட்டி, இடது பக்கம் திரும்பித்தான் அறைக்குள் போக வேண்டும்.

"இது என்னத்துக்கு ஐயா? கட்டில் எப்பிடி இறக்குறது?"

"கழட்டி இறக்கலாம்."

இன்னொன்றும் சொன்னார். "வேலைக்குத் தமிழ் ஆக்களை மட்டும் கொண்டு வாங்கோ."

எனக்குச் சுள்ளென்றது. என்னோடு பல வருஷமாகச் செங்கல் வைக்கிறவன் களனியைச் சேர்ந்த சிங்களவன் சிறிபால. அவன் கை இல்லாமல் என் வேலை இல்லை. "ஐயா, சிறிபால வந்தா நான் வருவேன். இல்லாட்டி வேற பாஸைப் பாருங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து ஒரு கதிரையைப் போட்டு வாசலில் உட்கார்ந்து சிறிபாலவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிபால அவரைப் பார்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

"அய்யே, மே வெடே ஹரி நே" என்று சிறிபால என் காதில் சொன்னான். இந்த வேலை சரியில்லை என்று.

"நீ கல்லை வை."

எனக்கும் அதே நினைப்புத்தான். அந்த நாளில் வெள்ளவத்தையில் ஒரு விருந்தாளி வந்தாலே பொலிசில் பதிய வேண்டும். சுற்றிவளைப்பு நடந்தால் ஐடென்டிட்டி கார்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கும். இந்த மனிதர் ஜன்னலில்லாத அறைக்குக் குறுக்குச் சுவர் வைக்கிறார். யாரை ஒளிக்கப் போகிறார்? என்னத்தை வைக்கப் போகிறார்? பிடிபட்டால் கட்டின பாஸ் யாரென்றுதான் கேட்பார்கள். எனக்கு நாலு பிள்ளைகள்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் கேட்க மேலே போனேன். ஹோலில் பெரிய சாப்பாட்டு மேசை. மேசைக்குக் கீழே ஒரு பாய், தலையணை, மடித்த போர்வை. வீட்டில் கட்டில்கள் சும்மா கிடந்தன. சிவநாதன் ஐயா என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, மேசை விரிப்பைக் கீழே இழுத்துவிட்டார்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. ஏனென்றால் வேலை அழகாக வந்துகொண்டிருந்தது. அதுதான் உண்மை. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, வோட்டர் புரூஃபிங் கலந்து இரண்டு கோட் பூசினேன். தரைக்கு பொலித்தீன் விரித்து மூன்று இஞ்சி கொங்கிரீட், மேலே சிவப்பு சீமெந்து, கண்ணாடி போல இழைத்தது. சிலாப்புக்குக் கீழே காற்றுப் போக இரண்டு வென்ட், ஒன்றில் சின்ன ஃபேன். ஜன்னல் இல்லாமலே காற்று ஓடியது. கொழும்பில் வேறு யார் செய்வான்?

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் வழக்கமான சலூனில் முடி வெட்டப் போனபோது அந்தப் பெருமை வாயில் வந்துவிட்டது.

"என்ன அந்தோனி பாஸ், இப்ப வேலை எங்க?"

"வெள்ளவத்தையில. நிலத்துக்குக் கீழ மாளிகை ஒண்ணு கட்டுறேன். வந்து பாத்தா நீங்க மேல வரமாட்டீங்க."

தமிழும் சிங்களமும் கலந்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

3. சுவர்

அடுத்த கிழமை, குறுக்குச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். முற்றத்தில் சப்பாத்துச் சத்தம். நாலு பேர், முன்னால் ஒரு இன்ஸ்பெக்டர். ஐயா, சிறிபால, நான் என்று மூன்று பேரின் கார்ட்டையும் வாங்கிப் பொக்கட்டில் வைத்தார். நாலு படி இறங்கி வாசலில் நின்றார். உள்ளே கூடப் போகவில்லை. சுவரைப் பார்த்த உடனே சொன்னார்:

"மேக்க பங்கரயக் நே?"

இது பதுங்குகுழி, பங்கர் அல்லவா என்று.

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவன். பங்கர் என்ற சொல்லைப் பேப்பரில்தான் பார்த்திருக்கிறேன். எத்தனை நூறு சுவர் கட்டியவன், நான் கட்டியது என்ன சுவர் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார். "நான் யாழ்ப்பாணத்தில ரெண்டு வருசம். இந்த வாசல் எனக்குத் தெரியும். யாருக்கு இது?"

சிவநாதன் ஐயாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாஸ் நீயா? நிலத்துக்குக் கீழ மாளிகை கட்டுறதாம் எண்டு ஆக்கள் சொல்றாங்க."

அதுவரைக்கும் நான் சிறிபாலவை முறைத்துக்கொண்டிருந்தேன். இவன்தான் வாய் விட்டிருப்பான் என்று மனதில் தீர்ப்பே எழுதிவிட்டேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணைக் கீழே போட்டேன். மாளிகை என்பது என்னுடைய சொல்.

"ஐயாவை ஜீப்பில ஏத்து" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த நாளில் அப்படி ஏறினவர் எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது மேலேயிருந்து ஒரு பெண் இறங்கி வந்தா. ஐம்பது வயதிருக்கும். இத்தனை நாள் நாங்கள் காணாத ஆள். கையில் பொலிஸ் பதிவுத் துண்டும் கார்ட்டும்.

"அண்ணாவை விடுங்கோ. அறை எனக்கு. நான் யாழ்ப்பாணத்திலேருந்து வந்து பதிஞ்ச ஆள், பாருங்கோ."

"என்னத்துக்கு இந்தச் சுவர்?"

"வாசல் நேர இருந்தா ஷெல் பீஸ் நேர உள்ள வரும்" என்றா, பிள்ளைக்குச் சொல்வது மாதிரி.

"இஞ்ச எங்க ஷெல்?"

"இஞ்ச இல்லை. எனக்குத் தெரியும். ஆனா நித்திரைக்குத் தெரியேல்லை. கட்டில்ல படுத்தா வராது. மேசைக்குக் கீழ படுக்கிறன். அண்ணாதான், கீழ ஒரு அறை செய்து தாறன் எண்டார்."

சிவநாதன் ஐயா அப்போதுதான் வாய் திறந்தார். "தங்கச்சியைப் பைத்தியம் எண்டு சொல்லுவினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சேர்."

இன்ஸ்பெக்டர் பதிவுத் துண்டை இரண்டு தரம் படித்தார். பிறகு சுவருக்குப் பின்னால் போய், டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். சீமெந்துப் பையைத் தவிர ஒன்றுமில்லை. வெளியே வர நேரம் எடுத்தது. வந்து அந்த அக்காவிடம் கேட்டார்.

"எவ்வளவு நாள் பங்கருக்குள்ள இருந்தீங்க?"

"நீங்கள் ஷெல் அடிச்ச நாளெல்லாம்."

நான் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. "நாங்களும் அதுக்குள்ளதான் படுத்தது" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "சுவர் இருக்கக் கூடாது. நாலு மணிக்கு வருவேன். சுவர் இல்லாட்டி கார்ட் கிடைக்கும். இருந்தா எல்லாரும் ஜீப்."

நானும் சிறிபாலவும் உடைத்தோம். வெள்ளை காயாத சுவர். அந்த அக்கா படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தா. சிவநாதன் ஐயா சிறிபாலவுக்குத் தன் கையால் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்து, வெறும் தரையைப் பார்த்து, கார்ட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

4. அலுமாரி

இரண்டு நாள் வீட்டில் சும்மா இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பழைய தளபாடம் விற்கிற என் கூட்டாளியிடம் போய், ஆறரை அடி உயரத் தேக்கு அலுமாரி ஒன்று எடுத்தேன். கழற்றி லொறியில் ஏற்றி, வெள்ளவத்தையில் இறக்கி, சுவர் நின்ற அதே இடத்தில், அதே மூன்றடியில் திரும்பப் பூட்டி நிறுத்தினேன். முதுகுக்கு இரட்டைப் பலகை. மேலே சிலாப் வரைக்கும் மிச்சத்துக்குப் பலகைப் பெட்டி. சிறிபால தூக்குக்குண்டு பிடித்தான்.

"இது என்ன பாஸ்?" என்று சிவநாதன் ஐயா கேட்டார்.

"அலுமாரி, ஐயா. உடுப்பு வைக்க. யாரு வந்து கேட்டாலும் அலுமாரி."

அந்த அக்கா வாசலால் வந்தா, அலுமாரியில் முட்டி, இடது பக்கம் திரும்பி உள்ளே போனா. "தலைமாடு எந்தப் பக்கம் வைக்கலாம், பாஸ்?" என்று உள்ளேயிருந்து கேட்டா. மத்தியானம் நாங்கள் சாமான் கட்டும்போது குறட்டைச் சத்தம் கேட்டது. சிவநாதன் ஐயா எங்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினோம்.

யார் காட்டிக்கொடுத்தது என்று அந்த வீட்டில் கடைசி வரைக்கும் தெரியாது. அடுத்த வீட்டுக்காரியோ என்று ஐயாவுக்குச் சந்தேகம். ஐயாவே யாரிடமாவது சொல்லியிருப்பார் என்று சிறிபாலவுக்குச் சந்தேகம். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

இப்போது கீழறை செய்கிற தம்பிமாருக்கு மெஷின் இருக்கிறது, ஈரத்தை அளந்து நம்பர் காட்டும். வாங்குங்கள், நல்லது. ஆனால் சீமெந்து குழைக்க முதல், அதில் யார் படுக்கப் போகிறார்கள், எப்படிப் படுத்தால் அவர்களுக்கு நித்திரை வரும் என்று கேளுங்கள். சொல்ல மாட்டேன் என்றால் மூன்று நாள் பொறுத்து இன்னொரு தரம் கேளுங்கள். நான் ஒரு தரம்தான் கேட்டேன். மிச்சத்தை நானே நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணாடித் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஈரம் சுவரிலிருந்து வரவில்லை, உள்ளே அடைபட்ட மூச்சிலிருந்து என்று அது முதல் கிழமையே எனக்குக் காட்டியிருந்தது.